கூரையைப் பிடித்து நிற்பது எது?
ஓட்டு வீட்டு மரச்சட்டங்களின் இணைப்புகளைப் பழுதுபார்ப்பது குறித்து ஒரு பாடம்

 

ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழை நெருங்கும்போது வீடு பழுதுபார்க்க உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு மனுக்கள் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஓடு, தகரம், சிமெண்ட் ஷீட் ஆகியவற்றைக் கேட்பவை. "கைமரம் சுவரோடு பிடிமானம் இல்லாமல் இருக்கிறது, அதைச் சரிசெய்து தாருங்கள்" என்று கேட்டு ஒரு மனுவும் நான் பார்த்ததில்லை. ஓடு உடைந்தால் மழை ஒழுகும், அது கண்ணில் படும். இணைப்பு தளர்ந்தால் புயல் வரும் நாள்வரை யாருக்கும் தெரியாது. அதனால்தான் இம்மாதப் பாடத்துக்கு இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை அதிகாலையை நம் மாவட்டத்தார் மறக்க முடியாது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் உள்நாட்டுக்குள் மேற்கு நோக்கி நகர்ந்து புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் கடற்கரையிலிருந்து அறந்தாங்கி, ஆலங்குடி, கீரமங்கலம் வரை தென்னையும் பலாவும் சாய்ந்தன. ஓட்டு வீடுகளும் கூரை வீடுகளும் திறந்த வெளியாயின. காற்று அடங்கிய மறுநாளே நிவாரணத்தில் இறங்கினோம். அன்று நாங்கள் செய்த ஒரு தவறை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாடமே அதிலிருந்துதான் பிறந்தது.

அவசரத்தில் பல வீடுகளுக்குத் தகர ஷீட் வாங்கிக் கொடுத்தோம். பழைய ஓட்டுக் கூரையின் மரங்கள் அப்படியே நிற்க, அவற்றின் மேல் ஷீட்டைப் போட்டோம். செலவைக் குறைக்க இரண்டு அங்குல ஆணியும் கட்டுக்கம்பியும் வாங்கினோம். அந்தப் பில்லில் கையெழுத்திட்டவன் நான்தான். அடுத்த ஆண்டு சித்திரை மாதத்தில் ஒரு மாலை நேரம், புயலும் இல்லை ஒன்றும் இல்லை, கோடை மழைக்கு முன் அடிக்கும் சாதாரணச் சூறைக்காற்று. அதில் ஒரு வீட்டின் பாதிக் கூரை கைமரத்தோடு எழும்பி முற்றத்தில் விழுந்தது. உள்ளே ஒரு பெரியம்மாவும் அவருடைய பேத்தியும் இருந்தார்கள். அல்லாஹ்வின் அருளால் இருவருக்கும் காயம் ஏதுமில்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, விழுந்த கைமரத்தில் ஆணிகள் வளையாமல், முறியாமல், நேராக நீட்டிக்கொண்டிருந்தன. கூட வந்த ஆசாரியார் அதைக் காட்டி, "ஆணி வளைஞ்சிருந்தா அது வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம் பாய். இது வேலையே செய்யலை, சும்மா உருவிக்கிட்டு வந்திருக்கு" என்றார். அன்று முதல் அவரிடமும், பொறியாளராக இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளிடமும், இந்தியத் தர நிர்ணய நூல்களிலும் கேட்டும் படித்தும் அறிந்ததைத்தான் இங்கே தருகிறேன்.

1. எந்த மரம் என்ன வேலை செய்கிறது?

பழுது பார்ப்பதற்கு முன் கூரையின் உறுப்புகளைத் தெரிந்துகொள்வோம். ஓடு கிடப்பது ரீப்பர் மேல். ரீப்பர் கிடப்பது கைமரத்தின் மேல். கைமரத்தின் தலை முகட்டு மரத்திலும், அடி சுவரின் மேல் படுத்திருக்கும் சுவர்ப்பட்டையிலும் தங்கும். அகலமான வீடாக இருந்தால் நடுவில் மரச்சட்ட முக்கோணம் இருக்கும். அதைத்தான் டிரஸ் என்கிறோம். இரண்டு பக்கமும் சாய்ந்த மரங்கள், கீழே குறுக்கே ஒரு விட்டம், நடுவில் குத்துக்கால், சில வீடுகளில் அதிலிருந்து பிரியும் இரண்டு சாய்கால்கள்.

நம் பகுதியில் பார்ப்பதற்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு வகைக் கூரைகள் உண்டு. முதல் வகையில் விட்டத்தின் மேல் குத்துக்கால் உட்கார்ந்து, முகட்டு மரத்தைத் தலையில் சுமக்கிறது. அங்கே குத்துக்கால் ஒரு தூண். சுமை அதன் வழியே விட்டத்துக்கு இறங்குவதால் விட்டம் நடுவில் தொய்யப் பார்க்கும். பழைய நாட்டு ஓட்டு வீடுகளில் இது அதிகம்.

இரண்டாவது வகை உண்மையான டிரஸ். பழைய பள்ளிக்கூடங்கள், கிடங்குகள், மங்களூர் ஓடு வேய்ந்த பெரிய வீடுகள் ஆகியவற்றில் பார்க்கலாம். இதில் சாய்ந்த மரங்கள் இரண்டும் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. அவற்றின் அடிகள் வெளிப்பக்கம் விலகிப் போகாமல் கீழ் விட்டம் இழுத்துப் பிடிக்கிறது. நடுக்குத்துக்கால் இங்கே தூண் அல்ல. அது மேலிருந்து தொங்குகிறது, விட்டத்தின் நடுப்பகுதியைத் தூக்கிப் பிடிக்கிறது. அடியில் விட்டத்தைச் சுற்றி இரும்புப் பட்டா போட்டிருப்பதைக் கண்டால் அது தொங்கும் குத்துக்கால் என்று அறிந்துகொள்ளலாம்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? ஒன்றையொன்று அழுத்தி நிற்கும் இரண்டு மரங்களுக்கு இடையில் இணைப்பு சுமாராக இருந்தாலும் சமாளிக்கும், ஏனென்றால் சுமையே அவற்றைச் சேர்த்து வைக்கிறது. இழுபடும் இடத்தில் அப்படியல்ல. அங்கே பிடித்திருப்பது ஆணியும் போல்ட்டும் பட்டாவும் மட்டும்தான். ஆகவே ஒரு மூட்டைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்த இரண்டு மரங்களும் ஒன்றையொன்று அழுத்துகின்றனவா, இழுக்கின்றனவா?

2. காற்று கணக்கைத் தலைகீழாக்குகிறது

சாதாரண நாளில் கூரையின் எடை எல்லாவற்றையும் கீழே அழுத்துகிறது. பலத்த காற்றில் கூரையின் மேல் உறிஞ்சல் ஏற்பட்டு அது மேல்நோக்கி இழுபடுகிறது. அப்போது அழுத்திக்கொண்டிருந்த மூட்டுகள் அனைத்தும் இழுபடும் மூட்டுகளாக மாறுகின்றன.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றின் அழுத்தத்தைக் கணிக்க நம் நாட்டுத் தர விதி (ஐ.எஸ். 875, பகுதி 3) தரும் வாய்பாடு எளிமையானது: வேகத்தை விநாடிக்கு மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று வரும். மணிக்கு 120 கி.மீ. என்பது விநாடிக்கு 33.3 மீட்டர். கணக்கிட்டால் ஏறத்தாழ 667 நியூட்டன், அதாவது சதுர மீட்டருக்கு 68 கிலோ எடைக்குச் சமம். மணிக்கு 60 கி.மீ. என்றால் 17 கிலோதான். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது.

30 சதுர மீட்டர் கூரையுள்ள ஒரு சிறிய வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 68 கிலோ முழுவதும் மேல்நோக்கி இழுத்தால் மொத்தம் ஏறக்குறைய 2,000 கிலோ. மங்களூர் ஓடு சதுர மீட்டருக்குச் சுமார் 40 கிலோ என்று கொண்டால் ஓட்டின் எடை 1,200 கிலோ. மரங்கள் ஒரு 500 கிலோ இருக்கலாம். ஆக 1,700 கிலோ கீழே அழுத்த, 300 கிலோ அளவுக்குத்தான் இணைப்புகள் தாங்க வேண்டியிருக்கும். ஓட்டை எடுத்துவிட்டுத் தகர ஷீட் போட்டால்? ஷீட் சதுர மீட்டருக்கு 5 கிலோதான். மொத்தம் 150 கிலோ. மரத்தோடு சேர்த்து 650 கிலோ. மிச்சமுள்ள 1,350 கிலோ இழுப்பையும் ஆணிகளும் போல்ட்டுகளும் தாங்க வேண்டும்.

நாங்கள் செய்த பிழை இதுதான். ஓட்டின் எடை நூறு ஆண்டுகளாகச் செய்துவந்த வேலையை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் இரண்டு அங்குல ஆணியை நிறுத்தினோம். ஷீட் போடுவது தவறல்ல. ஷீட் போடுகிறவர் இணைப்பையும் மாற்றியாக வேண்டும்.

இது ஒரு தோராயக் கணக்கு என்பதையும் நினைவில் வையுங்கள். காற்று கூரை முழுவதையும் ஒரே அளவில் இழுக்காது. ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டை ஒட்டியும் கூடுதலாக இழுக்கும். காற்று வரும் பக்கத்துக் கதவோ சன்னலோ திறந்துவிட்டால் உள்ளேயிருந்தும் தள்ளும். அதனால் எங்கெல்லாம் ஓரமோ அங்கெல்லாம் இணைப்பு நெருக்கமாக இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் புளோரிடாவில் 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி அடித்தபோது ஆயிரக்கணக்கான மரக்கூரைகள் பறந்தன. பிறகு ஆராய்ந்தவர்கள் பல வீடுகளில் கண்டது, பலகையை அடித்த ஆணிகள் கீழேயுள்ள சட்டத்தில் படாமல் தவறிப்போயிருந்ததும், பிடிப்புகள் போதாமல் இருந்ததும்தான். அதற்குப் பின் அங்கே கட்டட விதிகளை மாற்றி, கூரைச் சட்டத்தைச் சுவரோடு கட்டும் உலோகப் பட்டைகளை வற்புறுத்தினார்கள். பணக்கார நாட்டிலும் கூரை போவது இணைப்பில்தான்.

3. முதலில் சோதனை

ஒரு டார்ச், ஒரு பழைய திருப்புளி, ஏணி ஆகியவை போதும். பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள்.

சுவரின் மேல் மரம் உட்காரும் இடம்தான் முதலில் கெடும். ஓட்டு ஓரத்தில் ஒழுகும் நீர் அங்கே தங்கும், கரையானும் சுவர் வழியாக அங்கேதான் ஏறும். திருப்புளியால் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை இறங்காது. அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் மரம் உளுத்திருக்கிறது. தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் நல்ல மரம், பொந்துச் சத்தம் உள்ளே அரித்த மரம்.

அடுத்து வெடிப்புகள். மரத்தின் நீளவாக்கில், நாரோடு ஓடும் வெடிப்பு பெரும்பாலும் காய்ந்ததால் வந்தது. அது போல்ட் வழியாகவோ மூட்டின் உள்ளேயோ ஓடவில்லை என்றால் அச்சப்பட வேண்டாம். நாரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு சாய்வாக ஓடும் வெடிப்பு மரம் முறியத் தொடங்கியதன் அடையாளம். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

பிறகு இரும்பு. ஆணித் தலையைச் சுற்றிக் கறுப்புக் கறை இருந்தால் உள்ளே துரு அரித்துக்கொண்டிருக்கிறது. கட்டுக்கம்பியைக் கையால் முறுக்கிப் பாருங்கள். கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம், மீமிசல், கோபாலப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் சாதாரணக் கம்பி சில ஆண்டுகளிலேயே பொடியாகிவிடும்.

கடைசியாக, வெளியே நின்று முகட்டைப் பாருங்கள். முகடு நேராக இருக்கிறதா, நடுவில் பள்ளமா? சுவரின் தலைப்பகுதி வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறதா? சாய்ந்திருந்தால் கீழ் விட்டத்தின் இழுபிடி தளர்ந்து கைமரங்கள் சுவரைத் தள்ளுகின்றன என்று பொருள். அந்த வீட்டுக்குப் பொறியாளரை அழைக்காமல் கை வைக்க வேண்டாம்.

4. இணைப்பு முறைகள்

அ) வெட்டு மூட்டும் மரமுளையும்

பழைய ஆசாரிமார் ஒரு மரத்தில் துளை போட்டு, மறு மரத்தில் நாக்கு வைத்து, குறுக்கே மரமுளை அடித்து இணைத்தார்கள். அழுத்தும் மூட்டுக்கு இதைவிட நல்லது இல்லை. மரம் மரத்தின் மேல் முழுப்பரப்பில் உட்காருகிறது, துருப்பிடிக்க எதுவும் இல்லை. 2019 ஏப்ரலில் எரிந்த பாரிஸ் நோத்ருதாம் தேவாலயத்தின் கூரையைக்கூட ஓக் மரத்தில், பழைய வெட்டு மூட்டு முறையிலேயே திரும்பக் கட்டி 2024 டிசம்பரில் திறந்தார்கள். ஆனால் காற்றின் இழுப்பை மரமுளை மட்டும் தாங்காது. பழைய மூட்டு நன்றாக இருந்தால் அதை அறுத்து எறியாமல், கூடுதலாக ஒரு இரும்புப் பட்டா போட்டுப் பலப்படுத்துவதே சரி.

ஆ) ஆணி

ஆணிக்கு ஒரு பலமும் ஒரு பலவீனமும் உண்டு. குறுக்கே தள்ளும் விசையை அது நன்றாகத் தாங்கும். நேராக உருவும் விசையை அவ்வளவாகத் தாங்காது. மரத்தின் வெட்டுமுனையில், நார் போகும் திசையிலேயே அடித்த ஆணி உருவும் விசைக்கு ஏறக்குறைய உதவாது. எனவே ஆணி குறுக்கு விசை வாங்கும்படி மூட்டை அமைக்க வேண்டும்.

நீளம்: மெல்லிய மரத்தின் கனத்தைப்போல் இரண்டரை மடங்கு. 25 மி.மீ. ரீப்பருக்கு 65 மி.மீ. ஆணி, அதாவது இரண்டரை அங்குலம்.

துளை: தேக்கு, வேங்கை, கருவேலம் போன்ற கெட்டி மரத்தில் நேரடியாக அடித்தால் மரம் பிளக்கும். ஆணிக் கனத்தில் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்குத் துளையிட்டு அடியுங்கள். 4 மி.மீ. ஆணிக்கு 3 மி.மீ. துளை.

இடைவெளி: இழுபடும் மரத்தின் முனையிலிருந்து ஆணிக் கனத்தைப்போல் 12 மடங்கு தள்ளி அடிக்க வேண்டும். 4 மி.மீ. ஆணிக்கு ஏறத்தாழ 5 செ.மீ. ஒரே நார்க்கோட்டில் வரிசையாக அடிக்காமல் மாற்றி மாற்றி அடியுங்கள்.

இரண்டு ஆணிகளை எதிரெதிர்ச் சாய்வில் அடித்தால் நேராக அடித்ததைவிட உருவ மறுக்கும். படகு கட்டும் ஓடாவிகள் ஆணியை மறுபுறம் வரை துளைத்து, முனையை மடக்கித் திரும்ப மரத்துக்குள் அடிப்பதைக் கண்டிருப்பீர்கள். மறுபக்கம் எட்டும் இடங்களில் கூரைக்கும் அது நல்ல முறை. சூரத்துல் கமர் 13ஆம் வசனம் நூஹ் (அலை) அவர்களின் கப்பலைக் குறிப்பிடும்போது பலகைகளோடு ஆணிகளையும் சேர்த்தே சொல்வதை மதரஸாவில் ஓதிய பிள்ளைகள் அறிவார்கள்.

இ) திருகாணி

உருவும் விசைக்கு ஆணியைவிடத் திருகாணி பல மடங்கு மேல், ஏனென்றால் அதன் மரை மரத்தைக் கடித்துப் பிடிக்கிறது. ஆனால் நம் ஊரில் இரண்டு தவறுகள் வழக்கமாகிவிட்டன. ஒன்று, திருகாணியைச் சுத்தியலால் முக்கால் பங்கு அடித்துவிட்டுக் கடைசியில் இரண்டு சுற்றுத் திருகுவது. அப்படிச் செய்தால் மரை மரத்தைக் கிழித்துவிடும், அது வெறும் ஆணியாகிவிடும். இரண்டு, ஜிப்சம் பலகைக்கு உரிய கறுப்புத் திருகாணியைக் கூரைக்குப் போடுவது. அது கடினமானது, ஆனால் நொறுங்கும் தன்மை உடையது. காற்றில் ஆடும்போது தலை முறிந்துவிடும். கூரைக்குத் துத்தநாகம் பூசிய கட்டுமானத் திருகாணி அல்லது துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியைக் கேட்டு வாங்குங்கள்.

ஈ) போல்ட், நட், வாஷர்

இழுபடும் பெரிய மூட்டுகளுக்குப் போல்ட்தான் நம்பகமானது. துளை போல்ட் கனத்தைவிட ஒரு மி.மீ. மட்டுமே கூடுதலாக இருக்க வேண்டும். பெரிய துளையில் மூட்டு நகர்ந்த பிறகுதான் போல்ட் பிடிக்கும். இருபுறமும் பெரிய வாஷர் கட்டாயம். சிறிய வாஷர் இறுக்கும்போதே மரத்துக்குள் புதைந்துவிடும். 12 மி.மீ. போல்ட்டுக்கு 50 மி.மீ. சதுரத் தகட்டு வாஷர் வைப்பது நல்லது. இழுபடும் மரத்தின் முனைக்கும் போல்ட்டுக்கும் இடையே போல்ட் கனத்தைப்போல் ஏழு மடங்கு, அதாவது 84 மி.மீ. விடுங்கள். இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே நான்கு மடங்கு, சுமார் 5 செ.மீ. விடுங்கள். புதிய மரம் காயும்போது சுருங்கும், போல்ட் தளரும். எனவே ஆறு மாதம் கழித்தும், ஓராண்டு கழித்தும் ஸ்பேனர் வைத்து இறுக்க வேண்டும்.

உ) இரும்புப் பட்டா

கைமரத்தைச் சுவர்ப்பட்டையோடும், சுவர்ப்பட்டையைச் சுவரோடும் கட்டுவது இதுதான். துத்தநாகம் பூசிய பட்டையைக் கைமரத்தின் மேல் சுற்றி இருபுறமும் இறக்கி, பல ஆணிகளாலோ திருகாணிகளாலோ பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். காற்று தூக்கும்போது ஆணிகள் உருவப்படாமல் குறுக்கு விசை வாங்கும். ஆணிக்கு எது பலமோ அந்த வேலையை அதற்குக் கொடுக்கிறோம்.

சுவர்ப்பட்டையைச் சுவரின் மேல்வரிசைச் செங்கல்லில் மட்டும் பிடித்தால் பயனில்லை. அந்த வரிசையோடு சேர்ந்து எழும்பிவிடும். பட்டாவையோ நீள போல்ட்டையோ மூன்று அடியாவது கீழே இறக்கிச் சுவரில் பதிக்க வேண்டும். அதற்கு மேலுள்ள சுவரின் எடை முழுவதும் கூரையைப் பிடித்துக்கொள்ளும். மண் சாந்துச் சுவராக இருந்தால், சுவரின் தலையில் கம்பி வைத்த கான்கிரீட் பட்டை ஓட்டி, அதில் போல்ட்டை நட்டு, அந்தப் பட்டையையும் கீழே இறங்கும் கம்பிகளால் சுவரோடு பிணைப்பதே சரி.

ஊ) கட்டுக்கம்பி

அவசரத்துக்கு ஒரு நாள், இரண்டு நாள் நிறுத்திவைக்க உதவும். நிரந்தரப் பழுதுபார்ப்பில் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

5. மூன்று பழுதுகள், மூன்று வழிகள்

எந்த வேலைக்கும் முதல் படி முட்டுக்கொடுப்பது. பழுதான மூட்டின் இருபுறமும் இரும்பு ஜாக்கியோ சவுக்குக் கட்டையோ கொடுத்து, கீழே பலகை வைத்து, ஆப்பு அடித்துச் சுமையை வாங்கிய பிறகே பழைய ஆணியைப் பிடுங்க வேண்டும். அந்த அறையில் அன்று யாரும் தங்கக் கூடாது. மேலே உள்ள ஓடுகளை முதலில் இறக்கிவிட்டால் வேலையும் சுலபம், ஆபத்தும் குறைவு.

முறியத் தொடங்கிய கைமரம்: வெடிப்பில் ஆணி அடித்து மூட முயலாதீர்கள். ஆணியே ஆப்பாக மாறி வெடிப்பை விரிக்கும். அதே உயரமுள்ள புதிய மரத்தை ஒட்டித் துணைக் கைமரமாக வையுங்கள். முகட்டிலிருந்து சுவர்ப்பட்டை வரை முழு நீளமாக இருந்தால் மிக நன்று. முடியாவிட்டால் வெடிப்பைத் தாண்டி இருபக்கமும் குறைந்தது இரண்டு அடி செல்ல வேண்டும். பழையதையும் புதியதையும் போல்ட்டால் சேர்த்து இறுக்குங்கள்.

சுவரில் உளுத்துப்போன விட்டத்தின் முனை: கெட்ட பகுதியை அறுத்து, அதற்கு அப்பாலும் ஒரு சாண் வரை குத்திப் பார்த்து, நல்ல மரம் தொடங்கும் இடம்வரை வெட்டுங்கள். அதே அளவுள்ள புதிய முனையை வைத்து, இருபக்கமும் விட்டத்தின் உயரத்துக்குச் சமமான பக்கப்பலகைகளைப் பொருத்துங்கள். ஒவ்வொரு பலகையும் விட்டத்தின் கனத்தில் பாதியாவது இருக்க வேண்டும். வெட்டுக்கு இருபுறமும் இரண்டு அடி நீண்டு, போல்ட்டால் ஊடுருவிப் பிடிக்க வேண்டும். உண்மையான டிரஸ்ஸின் கீழ் விட்டம் இழுபடும் உறுப்பு ஆகையால், போல்ட் எத்தனை என்பதைப் பொறியாளர் கணக்கிட்டுச் சொல்லட்டும். இதில் "பார்த்துப் போட்டுக்கலாம்" வேண்டாம். புதிய முனை மறுபடி உளுக்காதிருக்க, சுவருக்கும் மரத்துக்கும் இடையே தார்த்தாள் வைத்து, பக்கங்களில் காற்றோட்டத்துக்கு இடம் விடுங்கள்.

தளர்ந்த குத்துக்கால்: தொங்கும் குத்துக்கால் என்றால், விட்டத்தின் அடியைச் சுற்றி வரும் 'ப' வடிவ இரும்புப் பட்டாவைக் குத்துக்காலின் இருபுறமும் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். குத்துக்கால் விலகிவிட்டது என்று நினைத்து அதன் கீழே தூண் நிறுத்துகிறவர்கள் உண்டு. தற்காலிக முட்டாக அது சரி. நிரந்தரமாக நிறுத்தினால் டிரஸ்ஸின் விசைப்போக்கே மாறி வேறு மூட்டுகள் கெடக்கூடும். விட்டத்தின் மேல் உட்காரும் குத்துக்கால் என்றால், அடியில் இருபக்கமும் இரும்பு ஆங்கிள் வைத்து நகராமல் பிடித்தால் போதும். தலையில் முகட்டு மரத்தை மட்டும் பட்டா போட்டுக் கட்டுங்கள்.

6. பனையும் தென்னையும்

நம் பகுதியில் பனங்கை போட்ட கூரைகள் நிறைய. பனையின் பலம் அதன் வெளிப்புறக் கறுப்பு வைரத்தில் இருக்கிறது, உட்பகுதி சோறு போன்றது. ஆணியோ போல்ட்டோ வைரப்பகுதியில் பிடிக்க வேண்டும். அது பிளக்கும் தன்மை உடையதால் துளையிடாமல் அடிக்கவே கூடாது. கஜாவில் சாய்ந்த தென்னைகளை அறுத்துப் பலர் கூரைக்குப் பயன்படுத்தினார்கள். தென்னையிலும் முதிர்ந்த மரத்தின் அடிப்பகுதியும் வெளிவட்டமும்தான் கெட்டி. நடுப்பகுதியில் ஆணி நிற்காது, பூச்சியும் சீக்கிரம் வரும். அப்படிக் கட்டிய கூரைகளை இந்த ஆண்டு கட்டாயம் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

7. வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி

பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து, கீழ்க்கண்ட கேள்விகளுக்குத் தங்கள் வீட்டைப் பார்த்துப் பதில் எழுதுங்கள்.

1. உங்கள் வீட்டுக் குத்துக்கால் தூணா, தொங்குவதா?
2. ஓட்டை எடுத்துவிட்டு ஷீட் போட்டிருக்கிறீர்களா? அப்போது இணைப்பை மாற்றினீர்களா?
3. கைமரம் சுவர்ப்பட்டையோடு எதனால் பிடிக்கப்பட்டிருக்கிறது? எத்தனை கைமரங்களுக்குப் பிடிப்பே இல்லை?
4. சுவர்ப்பட்டை சுவரோடு கட்டப்பட்டிருக்கிறதா, சும்மா படுத்திருக்கிறதா?
5. சுவரில் உட்காரும் மரமுனைகளில் திருப்புளி எவ்வளவு இறங்குகிறது?
6. எங்கெல்லாம் கட்டுக்கம்பி மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது?

பதில் எழுதிய தாளை அலுவலகத்தில் கொடுங்கள். ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள், தனியாக வாழும் பெண்கள், முதியோர் வீடுகள் ஆகியவற்றுக்கு நம் இளைஞர்கள் ஆசாரியாருடன் வந்து பார்த்துத் தருவார்கள். இனிமேல் அறக்கட்டளையின் வீட்டுப் பழுது உதவியில் முதல் தொகை பட்டா, போல்ட், திருகாணி, ஆசாரி கூலி ஆகியவற்றுக்கு என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. ஓடும் ஷீட்டும் அதற்குப் பின்புதான். இதனால் சிலருக்கு மனக்குறை வரலாம். "கேட்டது ஓடு, கொடுப்பது ஆணியா?" என்று ஒரு சகோதரி நேரிலேயே கேட்டார். சித்திரை மாதத்தில் முற்றத்தில் கிடந்த அந்தக் கைமரத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். பிறகு அவரே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்க, மகன் மேலே ஏறிப் பார்த்தார். பதினான்கு கைமரங்களில் ஐந்துக்குப் பிடிப்பு இல்லை. அந்த வேலை முடிந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கக் கற்றுக்கொடுத்த மார்க்கம் நம்முடையது. கட்ட வேண்டிய வேலை நம்மைச் சேர்ந்தது. ஐப்பசி பிறப்பதற்குள் அதை முடித்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ். நம் வீடுகளையும், அண்டை வீட்டார் அனைவரின் வீடுகளையும் வல்ல ரஹ்மான் பாதுகாப்பானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்